மூன்றரை மணி விளக்கு

ஆனி 4, திங்கள்

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் நர்சுப் பிள்ளை மேகலா கோடு போட்டுக் கொடுத்தது. ஐந்து கட்டம். படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், பகல் தூக்கம், குறிப்பு. குறிப்புக்கு விட்டிருக்கும் இடத்தில் ஒரு முட்டையைக்கூட வரைய முடியாது. அதனால் கட்டத்துக்கு உண்டானதைக் கட்டத்தில் எழுதிவிட்டு, மிச்சத்தை எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். அந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்று மாதம். நான்காம் மாதம் வாத்தியார் அடித்தார், நான் மாடு மேய்க்கப் போய்விட்டேன். எழுத்து வந்ததெல்லாம் கோழிப்பண்ணையில்தான். ஒவ்வொரு ஷெட் வாசலிலும் ஓர் அட்டை தொங்கும். தேதி, தீவனம், தண்ணீர், மருந்து, சாவு. அதைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினேன். அங்காத்தாள் எட்டாவது வரை படித்தவள். அவள்தான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பாள். 'சாவு' என்று முதன்முதலில் அழகாக எழுதிய அன்று ஷெட்டில் ஒரு கோழியும் சாகவில்லை. எழுதிய ஆசைக்கு அப்படியே விட்டுவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, செத்த கோழி எங்கேடா என்று அரை நாள் தேட வைத்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். அங்காத்தாள் என் வீட்டுக்காரி. வயது அறுபத்தாறு. இரண்டு வருஷமாக மறதி. முதலில் அடுப்பில் பால் பொங்கியது. பிறகு பக்கத்து வீட்டு மாராயியின் பேர் மறந்தது. இப்போது ராத்திரி தூங்குவதில்லை. பகலில் உட்கார்ந்த இடத்தில் தலை சாய்கிறது. டாக்டரம்மா இன்றைக்கு அல்சைமர் என்று பேர் சொன்னார். ஆனால் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று இப்போதே சொல்ல மாட்டாராம். மறதிக்கு ஒரு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். தூக்கம் கெட்டாலும் புத்தி தடுமாறும், அதனால் ஆறு வாரத் தூக்கத்தை எழுதிக்கொண்டு ஆடி பதினான்காம் தேதி வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மகள் பூங்கொடி அவள் பங்குக்கு ஒரு தேதி வைத்தாள். அதுவும் அதே ஆடி பதினான்குதான். அவள் அவிநாசியில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பேச்சு அளந்துதான் வரும்.

"கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு இல்லம் பாத்து வெச்சிருக்கறேனுங்கப்பா. இந்த மாதிரி ஆளுங்களையே வெச்சுப் பாக்கறவங்க. ஆறு வாரம் பாக்கறேன். அம்மா ராத்திரி தூங்கலைன்னா, ஆளு இன்னும் மோசமாச்சுன்னா, நான் கூட்டிட்டுப் போயிருவேன். நீங்க தடுக்கக் கூடாது."

நான் சரி என்றேன். நாற்பத்தாறு வருஷத்தில் அங்காத்தாளும் நானும் தனித்தனி ஊரில் படுத்தது பிரசவத்துக்கு அவள் போனபோது மட்டும்தான்.

ஆனி 5, செவ்வாய்

படுத்தது ஒன்பது. தூங்கியது எப்போது என்று தெரியவில்லை. விழித்தது ஒன்று. பகல் தூக்கம் மூன்று தடவை.

நேற்று டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். நாம் தூங்கும்போதுதான் மூளை தன்னிடம் சேர்ந்த கழிவை வெளியேற்றுகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்களாம். பல வருஷம் தூக்கம் கெட்டவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் அதிகம் வருகிறதாம். அதே சமயம் இந்த நோயே தூக்கத்தைக் கெடுக்குமாம். எது முன்னே, எது பின்னே என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாதாம்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கூண்டுக்கு அடியில் விழும் எருவை வழித்து அள்ளாமல் விட்டால் காற்றே கெட்டுப்போகும். கண் எரியும். கோழி கழுத்தைத் தொங்கப் போடும். தீவனத்தில் குற்றம் இருக்காது, கோழியிலும் இருக்காது. அள்ளாததுதான் குற்றம்.

அங்காத்தாளுக்கு அள்ளாமல் விட்டது யார்? முட்டைக் கோழிக்குப் பகல் நீளமாக இருக்க வேண்டும். பதினாறு மணி நேரம் வெளிச்சம். அப்போதுதான் முட்டை வைக்கும். அதனால் விடிவதற்கு முன்பே, சரியாக மூன்றரைக்கு, ஷெட்டில் விளக்குப் போட வேண்டும். ஒரு நாள் மூன்றரை, ஒரு நாள் நாலரை என்று போட்டால் கோழி மிரண்டுவிடும். பண்ணை வேலையை விடுகிற வரை, இருபத்தெட்டு வருஷம் நான் மூன்று மணிக்கு எழுந்தேன். எழுந்ததும் அவளை எழுப்பினேன். நான் விளக்குப் போட, அவள் தண்ணீர்த் தொட்டி பார்க்க. ராத்திரி பத்தரைக்கு முன்னால் படுத்தது கிடையாது. கோழிகூட எங்களைவிட அதிகம் தூங்கியது.

இதை டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை அவர்.

ஆனி 7, வியாழன்

படுத்தது பத்து. தூக்கம் இல்லை. பருப்பு தீய்ந்தது. நான்தான் தீய்த்தேன்.

ஆனி 10, ஞாயிறு

படுத்தது ஒன்பது. விழித்தது பன்னிரண்டரை. பகல் தூக்கம் நான்கு மணி நேரம்.

ராத்திரி கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எழுந்து பார்த்தால் பாயில் ஆள் இல்லை. கேட்டுக்கு வெளியே, தார் ரோட்டில், காலி முட்டை அட்டை இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறாள். பண்ணை ரோட்டு வழியே போனால் முக்கால் மைல். வயலுக்குக் குறுக்கே பார்த்தால் ஷெட் கிட்டத்தில்தான் தெரியும். கையைப் பிடித்தேன். "விடுங்க, நேரமாச்சு, இருட்டுல கோழி தவிச்சுக் கெடக்கும்" என்றாள். இப்போதெல்லாம் அங்கே விளக்கு தானாகவே எரிகிற கருவி வந்துவிட்டது, ஆளே வேண்டாம் என்று சொன்னேன். அவள் என்னை ஏமாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இனி நான் கதவை மறித்துப் படுக்க வேண்டும். படுத்தால் தூங்கிவிடுவேன். அங்காத்தாளின் சித்தப்பா மகன் ஒருத்தன் இருந்தான். மூட்டை தூக்குகிறவன். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டே நின்ற வாக்கில் தூங்குவான். குறட்டை கேட்டு டிரைவர் என்ஜினில் கோளாறு என்று இறங்கிப் பார்த்ததாகச் சொல்வார்கள். எனக்கு இந்த வாரம் அந்த வித்தை கைவந்துவிட்டது. ரசம் கொதிக்கும்போது கரண்டியைப் பிடித்தபடி தூங்கினேன். மாராயி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னங்கண்ணா, ரசத்துக்குத் தாலாட்டுப் பாடறீங்களா" என்றாள்.

பூங்கொடி போனில் கேட்டாள். ரோட்டுக்குப் போனதைச் சொல்லவில்லை.

ஆனி 11, திங்கள்

படுத்தது எட்டரை. தூங்கியது ஒன்பது. விழித்தது காலை ஆறரை. நடுவில் விழிக்கவே இல்லை.

ராத்திரி மோர் கொடுத்தேன். உப்புக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன்.

நானும் தூங்கினேன். காலையில் காக்கை கத்தித்தான் எழுந்தேன். எத்தனையோ நாள் கழித்து வெயிலைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கினேன்.

ஆனி 14, வியாழன்

படுத்தது எட்டரை. தூங்கியது ஒன்பது. விழித்தது ஏழு. மோர்.

நான்கு ராத்திரியாக நல்ல தூக்கம். கட்டமெல்லாம் அழகாக நிறைகிறது. பூங்கொடிக்குச் சொன்னேன். "நெசமாவாப்பா" என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது.

எழுத நேரம் இருப்பதால் ஒன்று எழுதுகிறேன். கோழிக்கு மருந்து கொடுக்கிற விதம் பலருக்குத் தெரியாது. பத்தாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் ஊற்ற முடியுமா? தண்ணீரில்தான் கலக்க வேண்டும். முதலில் இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். கோழிக்குத் தாகம் எடுக்கும். அப்புறம் மருந்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கசப்பென்று பார்க்காது, கடகடவென்று குடித்துவிடும். இதில் அங்காத்தாள் கெட்டிக்காரி. கலக்கியதும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தே அளவு சொல்வாள். துப்பிவிட்டு, "கூடிப்போச்சுங்க, இன்னொரு கொடம் ஊத்துங்க" என்பாள்.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. சும்மா ஞாபகம் வந்தது.

ஆனி 15, வெள்ளி

படுத்தது எட்டரை. விழித்தது ஏழேகால். மோர்.

நர்சுப் பிள்ளை போன் செய்தது. தூக்கத்தைச் சொன்னேன். பரவாயில்லையே என்றது. பிறகு, "டாக்டரம்மா குடுத்தது தவிர வேற மாத்திரை எதாச்சும் குடுக்கறீங்களாங்கய்யா? கடையில வாங்கினது, நாட்டு மருந்து, எதுன்னாலும் சொல்லோணும்" என்றது.

இல்லை என்றேன். வெளியே மேகம் கட்டியிருந்தது. துணி காய்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனி 18, திங்கள்

படுத்தது எட்டரை. விழித்தது எட்டு. எழுப்பித்தான் எழுந்தாள். மோர்.

பகலில் கண் திறந்தே இருக்கிறாள், ஆனால் ஆள் உள்ளே இல்லை. நடந்தால் கால் பின்னுகிறது. வாய் காய்கிறது என்று தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சொம்பு சொம்பாகக் குடிக்கிறாள். ஒன்றுக்குப் போக உட்கார்ந்தால் வெகுநேரம் ஆகிறது.

சாப்பாடு ஊட்டும்போது என் முகத்தைப் பார்த்து, "எங்கூட்டுக்காரரு சாப்புட்டாருங்களா, அண்ணா" என்று கேட்டாள். அவளுடைய அண்ணன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சாப்பிட்டாச்சு என்றேன்.

நோய் கூடுகிறது. தூக்கம் நன்றாக இருக்கும்போதே இப்படி என்றால், தூக்கமும் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்.

ஆனி 24, ஞாயிறு

படுத்தது எட்டு. விழித்தது ஏழரை. மோர் இரண்டு தம்ளர்.

பூங்கொடி வந்திருந்தாள். நோட்டை எடுத்து வலதுபக்கக் கட்டங்களை மட்டும் பார்த்தாள். இடதுபக்கத்தைப் புரட்டப் போனாள். அது என் கிறுக்கல், கோழிக் கதை என்றேன். சிரித்து வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே என் கோழிக் கதை என்றால் ஓடிப்போகிறவள்.

அவள் அம்மாவுக்குத் தலை சீவிப் பின்னல் போட்டாள். பின்னி முடித்ததும் அங்காத்தாள் திரும்பி, "நீ எந்த ஊரு அம்மிணி" என்று கேட்டாள். பூங்கொடி சீப்பில் இருந்த முடியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் சுருட்டினாள்.

பஸ் ஏறும்போது சொன்னாள். "தூங்கறாங்க, செரி. ஆனா போன மாசம் என்னத் தெரிஞ்சுதுங்கப்பா. இந்த மாசம் தெரியலே. அந்த இல்லத்துல எடம் புடிச்சு வெக்கச் சொல்லிட்டேன்."

ஆனி 27, புதன்

படுத்தது எட்டரை. விழித்தது ஏழு. மோர்.

காலையில் குழாயடியில் விழுந்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாளியைப் பிடிக்கப் போனவள் காற்றைப் பிடித்தாள். முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். மாராயி ஓடி வந்து ஐஸ்கட்டி வைத்தாள். "தூங்கி எந்திரிச்ச ஆளு மாதிரியே இல்லீங்கண்ணா. கள்ளுக் குடிச்சவ மாதிரியில்ல இருக்கறா" என்றாள்.

அவளுக்கு எல்லாமே வேடிக்கைதான்.

ஆடி 1, செவ்வாய்

படுத்தது எட்டரை. விழித்தது ஐந்து. மோர்.

ஆடி பிறந்துவிட்டது. காற்று கூரை ஓட்டைத் தூக்குகிறது. நாமக்கல்லில் ஆடிக் காற்றென்றால் பண்ணைக்காரர்களுக்குக் கலக்கம். ஒரு வருஷம் மூன்றாம் நம்பர் ஷெட்டில் நடந்ததை எழுத வேண்டும். காற்றில்லை அது, வெயில் காலம். மருந்து கலக்கிய அளவெல்லாம் சரிதான். ஆனால் வெயிலுக்குக் கோழி இரண்டு மடங்கு தண்ணீர் குடித்துவிட்டது. மருந்தும் இரண்டு மடங்கு உள்ளே போய்விட்டது. மறுநாள் பார்த்தால் கோழியெல்லாம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறது. முதலாளி சீக்கு வந்துவிட்டது என்று மறுபடியும் மருந்து கலக்கச் சொன்னார். அங்காத்தாள்தான் குறுக்கே நின்றாள். "சீக்கு இல்லீங்க மொதலாளி, மருந்துதான். வெறும் தண்ணி குடுங்க" என்றாள். கூலிக்காரி பேச்சை அவர் கேட்டார், அதுதான் அதிசயம். மூன்றாம் நாள் கோழி எழுந்து நின்றது.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத வரவில்லை.

ஆடி 3, வியாழன்

எட்டு மணிக்கு மோரை நீட்டினேன். வாங்கினாள். ஒரு வாய் வைத்தாள். முழுங்கவில்லை. நாக்கில் வைத்து உருட்டினாள். பிறகு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து தம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"கூடிப்போச்சுங்க," என்றாள். "எந்த ஷெட்டுக்கு இது?"

நான் தம்ளருக்குள்ளே பார்த்தேன்.

"எனக்கு எதுக்குங்க குடுக்கறீங்க? நானென்ன கோழியா?"

கோபமாகச் சொல்லவில்லை. அண்ணா என்று சொல்லவில்லை. என்னைத் தெரிந்துதான் கேட்டாள். பழைய அங்காத்தாள், தொட்டி ஓரத்தில் நிற்கிறவள், கேட்டாள்.

மோரைக் கொட்டிவிட்டேன். மீதி மாத்திரையை அட்டையோடு கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அட்டை மிதந்தது. திரும்பத் திரும்ப ஊற்றினேன்.

ஆடி 4, வெள்ளி

தூக்கம் இல்லை. இரண்டு பேருக்கும்.

ஆடி 5, சனி

தூக்கம் இல்லை. விடிய விடியக் கதவை இழுத்தாள். தண்ணீர் கேட்பது குறைந்திருக்கிறது.

ஆடி 6, ஞாயிறு

தூங்கியது ஒன்று. விழித்தது மூன்று.

மூன்று மணிக்கு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நானும் போய் நின்றேன். மூன்றரைக்குப் பண்ணையில் விளக்கு எரிந்தது. வயலைத் தாண்டி வெளிச்சம் வந்து அவள் பாயில் விழுந்தது. அடப்பாவி, இத்தனை நாளும் இந்த வெளிச்சம் இவள் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அதோடு, அவள் விழுந்துவிடுவாளே என்று நான் வேறு ராத்திரி முழுவதும் டியூப்லைட் போட்டு வைத்திருந்தேன். கோழிக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் போட்டு முட்டை வாங்கினவனுக்கு, இருட்டுப் போட்டால்தான் தூக்கம் வரும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

காலையில் இரண்டு தீவனச் சாக்கைக் கிழித்துத் தைத்து ஜன்னலுக்குக் கட்டினேன். தைத்தது நான். மாராயி வந்து பார்த்து, "பூங்கொடி கம்பெனியில வேல வாங்கிக்கலாம் நீங்க" என்றாள்.

ஆடி 8, செவ்வாய்

படுத்தது எட்டு. தூங்கியது பத்து. விழித்தது மூன்று. பகல் தூக்கம் ஒரு மணி நேரம்.

கோழிக்குச் செய்ததைத் திருப்பிப் போட்டுச் செய்கிறேன். காலையில் ஏழு மணிக்கே வெயிலில் உட்கார வைக்கிறேன். சின்ன வெங்காயம் ஒரு படி கொடுத்தால் உரித்துக்கொண்டே இருக்கிறாள். கண் சொருகினால் எழுப்பி வரப்பு வரை நடத்திக் கூட்டிப் போகிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் குண்டு பல்பு மட்டும். ஏழரைக்குச் சோறு. தினமும் ஒரே நேரம். ஒரு நாளும் நேரம் மாற்றுவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

உரித்த வெங்காயம் வீட்டில் நான்கு படி சேர்ந்துவிட்டது. தெருவே வெங்காயச் சாம்பார்.

ஆடி 9, புதன்

படுத்தது எட்டு. தூங்கியது எட்டரை. விழித்தது மூன்று. பகல் தூக்கம் அரை மணி.

ஆறரை மணி நேரம் தூங்கியிருக்கிறாள். மோர் இல்லை.

மூன்று மணிக்கு விழித்தால் குற்றம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உடம்புக்கு மூன்று மணிதான் விடியல். அதை மாற்ற முடியாது. முன்னால் தூங்க வைத்தால் போதும். எழுந்ததும், "லைட்டுப் போட்டாச்சுங்களா" என்று கேட்கிறாள். போட்டாச்சு என்கிறேன். படுத்துக்கொள்கிறாள். இத்தனை நாள் நான் பண்ணையே இல்லை, வேலையே இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

ஆடி 11, வெள்ளி

படுத்தது எட்டு. தூங்கியது எட்டேகால். விழித்தது மூன்று, மறுபடி நான்கு முதல் ஐந்தரை வரை தூக்கம்.

காலையில் பூங்கொடி போன் செய்தாள். அங்காத்தாள் கையில் கொடுத்தேன். "ஆருங்க" என்றாள். பிறகு, "பூவு, சாப்புட்டியா" என்றாள். போன் கட்டாகிவிட்டதோ என்று வாங்கிப் பார்த்தேன். கட்டாகவில்லை.

பேர் எல்லாம் திரும்பிவிடவில்லை. மாராயியை இன்னும் கோமதி என்றுதான் கூப்பிடுகிறாள். கோமதி யாரென்று எனக்கும் தெரியாது. காலையில் சேலையை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டியிருந்தாள். ஆனால் கால் பின்னவில்லை. ஒன்றுக்கும் சுலபமாகப் போகிறாள்.

ஆடி 13, ஞாயிறு

நாளைக்கு டாக்டரம்மா.

இன்று மத்தியானம் கடைத்தெருவில் இன்னொரு நோட்டு வாங்கினேன். அதே மாதிரி ஐந்து கட்டம் கோடு போட்டேன். வலதுபக்கத்தை மட்டும் பார்த்து எழுத ஆரம்பித்தேன். மோரை விட்டுவிட்டேன். ஆனி பதினெட்டு வரை எழுதினேன்.

அங்கே கை நின்றுவிட்டது. இந்தப் புது நோட்டைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நன்றாகத் தூங்கினாள், ஆனாலும் அண்ணா என்று கூப்பிட்டாள், விழுந்தாள், மகளைத் தெரியவில்லை. அப்படியென்றால் இது நோய்தான், வேகமாக ஏறுகிறது என்பார்கள். டாக்டரம்மா மருந்தைக் கூட்டுவார். மூன்றாம் நம்பர் ஷெட்டில் முதலாளி கூட்டச் சொன்ன மாதிரி. குறுக்கே நிற்க அங்காத்தாளால் இப்போது முடியாது.

உள்ளதைக் காட்டினால் பூங்கொடி என்ன சொல்வாள் என்றும் தெரியும். உங்களை நம்பி எப்படி விட்டுவிட்டுப் போவது என்பாள்.

அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். போன வருஷம் பழைய தீவனச் சாக்கை உதறிய தூசியால் எனக்கு அரிப்பு வந்தபோது மெடிக்கலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அரிப்புக்கும் சளிக்கும் போடுவது. போட்டால் தூக்கம் தள்ளும். அதை நுணுக்கி மோரில் கலந்து அங்காத்தாளுக்குக் கொடுத்தேன். ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்காமல் நிறுத்தி, எட்டு மணிக்குக் கொடுத்தேன். ஆனி பத்து ராத்திரி தொடங்கி ஆடி இரண்டு வரை. ஒரு ராத்திரியும் விடவில்லை. முதலில் ஒன்று. ஆனி பதினேழிலிருந்து ஒன்றரை. ஆனி இருபத்துமூன்று அன்று, மறுநாள் பூங்கொடி வருகிறாளே, நன்றாகத் தூங்கி எழட்டும் என்று, இரண்டு. ஆடி மூன்று அன்று அவள் துப்பிவிட்டாள். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. நர்சுப் பிள்ளை கேட்டபோது இல்லை என்றேன்.

அவள் தூங்கவேண்டும் என்று கொடுத்தேன் என்று எழுத வந்தேன். நான் தூங்கவேண்டும் என்றும்தான் கொடுத்தேன்.

புது நோட்டை அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டேன்.

ஆடி 14, திங்கள்

டாக்டரம்மா வலதுபக்கம் பார்த்தார். இடதுபக்கம் திருப்பினார். நிறுத்தவில்லை, முழுவதும் படித்தார். வெளியே சீட்டு வாங்கியவர்கள் கதவைத் திறந்து திறந்து பார்த்தார்கள். படித்து முடித்ததும் நோட்டைப் பூங்கொடியிடம் நீட்டினார். அவள் நின்றுகொண்டே படித்தாள். அங்காத்தாள் காகிதம் பறக்காமல் இருக்க மேசை மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரிப்பு மாத்திரை வயதானவர்களுக்கு ஆகாது, அதிலும் இந்த நோய் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது என்றார் டாக்டரம்மா. வாய் காய்ந்தது, கால் பின்னியது, ஆள் தெரியாமல் போனது, எல்லாவற்றிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டாம். நீங்கள் இதை நோட்டில் எழுதாமல் இருந்திருந்தால் நான் தப்பான மருந்துதான் கொடுத்திருப்பேன் என்றார். பிறகு மறைக்காமல் சொன்னார். மாத்திரையால் வந்தது போகும், நோய் போகாது. அது அதன் வழியில் மெதுவாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். வெளிச்சமும் இருட்டும் நேரம் பார்த்துச் செய்வது நல்லது, விடாமல் செய்யுங்கள்.

இருபத்தெட்டு வருஷம் நான் எழுப்பினதால்தான் வந்ததா என்று கேட்டேன். கேட்டே விட்டேன். அப்படி ஒரு ஆள் விஷயத்தில் யாராலும் சொல்ல முடியாது என்றார். "எத்தனையோ காரணம் இருக்குங்கய்யா. அதை உங்க தலையில மட்டும் ஏத்திக்காதீங்க."

பூங்கொடி நோட்டை மூடினாள்.

"ஏனுங்கப்பா எங்கிட்டச் சொல்லலே? தூங்க முடியலேன்னு ஒரு வார்த்த."

"சொன்னா கூட்டிட்டுப் போயிருவியேன்னுதான் கண்ணு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா கேட்டார், "நீங்க எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" நான் நோட்டைப் பார்த்தேன். அதற்குக் கட்டம் இல்லையே. நர்சுப் பிள்ளை நோட்டை வாங்கி, குறிப்புக்கு விட்டிருந்த அந்தக் குட்டி இடத்தை ஸ்கேல் வைத்து இரண்டாகப் பிரித்தது. மேலே 'ஐயா தூக்கம்' என்று எழுதியது.

பூங்கொடி எங்களோடு ஊருக்கே பஸ் ஏறிவிட்டாள். கம்பெனிக்குப் பத்து நாள் லீவு சொல்லியிருக்கிறாள். பிறகு சனிக்கிழமை ராத்திரி தோறும் அவள் காவலாம், செவ்வாயும் வியாழனும் மாராயியைப் படுக்கச் சொல்ல வேண்டுமாம். இல்லத்துக்காரர்களுக்குப் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்றாள். 'இப்போதைக்கு' என்பதை அழுத்தித்தான் சொன்னாள். அது என் காதிலும் விழுந்தது.

ஆடி 16, புதன்

அங்காத்தாள்: படுத்தது எட்டு. தூங்கியது எட்டரை. விழித்தது மூன்று.

ஐயா தூக்கம்: ஒன்பது முதல் ஆறு வரை.

மூன்று மணிக்கு நடந்ததை நான் பார்க்கவில்லை. காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே பூங்கொடி சொன்னது.

வழக்கம்போல் எழுந்து, லைட்டுப் போட்டாச்சா என்று கேட்டிருக்கிறாள். போட்டாச்சும்மா என்று பூங்கொடி சொல்லியிருக்கிறாள். அவர் எங்கே என்று கேட்டிருக்கிறாள். தூங்கறாரு, எழுப்பட்டுமா என்று இவள் கேட்டதற்கு, கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம்.

"எழுப்பாத அம்மிணி. அவரு எந்திரிச்சு என்னைய எழுப்புவாரு பாரு, அப்ப நான் தூங்கற மாதிரி கெடப்பேன். முன்னாலயே முழிச்சிருப்பேன். ஆனா அவரு எழுப்பறப்ப மெதுவா தோளத் தொடுவாரு. அதுக்காகக் கெடப்பேன்."

அது இருபத்தெட்டு வருஷமும் நிஜமாகவே நடந்ததா, இல்லை ராத்திரி மூன்று மணிக்கு அவளுக்குத் தோன்றியதா, எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கலாம் என்று வெளியே போனேன். வெயிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன கேட்க வந்தீர்கள் என்பது போல நிமிர்ந்து பார்த்தாள். தோளைத் தொட்டேன்.

"எந்திரிச்சிட்டேனுங்க," என்றாள்.